எலி பிடிக்கும் பூனையின் கண் ஊஞ்சலாடினால்...

போச்சம்பள்ளியிலிருந்து பாரூர் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை சென்றிருந்தேன். கேழ்வரகு அறுத்துக் களம் சேர்ந்த நேரம். தானிய அறையில் எலித் தொல்லையைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசுவதே என் வேலை. ஆனால் அந்த விவசாயியின் கையில் அன்று தடி இருந்தது.

மாட்டுக் கொட்டகையின் மூலையில், வைக்கோலுக்குப் பின்னால், சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்று பதுங்கியிருந்தது. அதன் தலை மார்பை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. இரண்டு விழிகளும் இடமும் வலமுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. எழுந்து நடக்க முயன்றபோது குடித்தவனைப்போல் தள்ளாடி விழுந்தது.

"வெறி பிடிச்சிடுச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றார் சார். குழந்தைங்க இருக்கிற வீடு. அடிச்சுப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் விவசாயி.

அவருடைய தாயார் குறுக்கே வந்து நின்றார். "அது யாரையும் கடிக்கலை சார். ரெண்டு வருஷமா இந்த வீட்டு எலியெல்லாம் அதுதான் பிடிச்சுது. கண்ணு மட்டும் தொட்டில் ஆடற மாதிரி ஆடுது. என்னன்னு பாருங்க சார்" என்றார்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும் இருபது, முப்பது ஆண்டுகளாகக் கிராமங்களில் சுற்றி வந்ததில் ஒன்று தெரியும். கண் ஆடுவது ஒரு நோயன்று; நோயின் அறிகுறி. பயிரின் இலை மஞ்சளாவதற்குத் தழைச்சத்துக் குறைவு, நீர் தேங்குதல், வேர்ப்புழு, வைரஸ் என்று பல காரணங்கள் இருப்பதுபோல், பூனையின் விழி ஆடுவதற்கும் பல காரணங்கள் உண்டு. தடியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அந்தத் தாயாரிடம் சில கேள்விகள் கேட்டேன். அவை என்ன, ஏன் என்பதை நம் உழவர் பெருமக்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

கைக்கு அண்டாத பூனை

தோட்டங்களில் உள்ள பூனைகளில் பெரும்பாலானவை நாம் வாங்கி வளர்த்தவை அல்ல. எங்கோ புதரிலும் பாழடைந்த கொட்டகையிலும் பிறந்து, எலி வாசனை பிடித்து நம் வீட்டை வந்தடைந்தவை. பூனைக்குட்டி பிறந்த 2-ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 7-ஆவது வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்தால்தான் எளிதில் பழகும். அந்தக் காலம் தவறிவிட்டால், எத்தனை நாள் சோறு வைத்தாலும் பல பூனைகள் பத்தடி தள்ளியே நிற்கும். இது அதன் குற்றமன்று.

இப்படிப்பட்ட பூனையிடம் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அது நோயை மறைக்கும். பலவீனத்தைக் காட்டினால் நாய்க்கு இரையாகிவிடும் என்பதால், இயலும்வரை ஒளிந்தே இருக்கும். நம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும். இரண்டு, தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே அதற்கு நோய் வந்தால், தினமும் சோறு வைப்பவர் தள்ளி நின்று பார்த்து வைத்திருக்கும் விவரங்களே மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

விழி ஏன் ஆடுகிறது?

குழந்தைகள் தட்டாமாலை சுற்றிவிட்டு நிற்கும்போது அவர்கள் கண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? விழி ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, வெடுக்கென்று திரும்பி, மீண்டும் மெல்ல நகரும். பேருந்தில் சன்னல் ஓரம் அமர்ந்து தென்னை மரங்களைப் பார்த்து வருபவரின் கண்ணும் இப்படியே ஆடும். இவை இயற்கையானவை, சற்று நேரத்தில் நின்றுவிடும்.

காதின் உட்பகுதியில், பக்கத்துக்கு மூன்றாக, அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கும். தலை திரும்பும்போது இந்தத் திரவம் நகர்ந்து, "தலை இந்தப் பக்கம் திரும்புகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூளை அதற்கேற்ப விழிகளை எதிர்ப்பக்கம் நகர்த்திப் பார்வையை நிலைநிறுத்துகிறது. கிணற்று மேட்டில் தாவி ஓடும் பூனை எலியின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

வியன்னா நகரக் காது மருத்துவர் ராபர்ட் பாரனி, நோயாளிகளின் காதைத் தண்ணீரால் கழுவும்போது தண்ணீரின் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் ஏற்ப அவர்களுடைய கண்கள் ஆடுவதைக் கவனித்தார். காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆராய்ந்ததற்காக 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்தக் காது, அதிலிருந்து செல்லும் நரம்பு, மூளையின் அடிப்பகுதி, சிறுமூளை ஆகிய நான்கில் எங்கு கோளாறு ஏற்பட்டாலும், தலை அசையாமல் இருக்கும்போதே விழி ஆடத் தொடங்கும். மருத்துவர்கள் இதை நிஸ்டாக்மஸ் என்பார்கள். நாம் விழியாட்டம் என்று சொல்லலாம்.

அஞ்ச வேண்டாதவை

முதலில் நோயல்லாதவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

கூச்சமுள்ள பூனை அன்னியரைக் கண்டால் கண்மணி அகல விரியும். தப்பிக்க வழி தேடி விழி அங்குமிங்கும் ஓடும். இது பயம். சீரான தாளத்தில் ஆடாது. ஆள் விலகினால் சரியாகிவிடும்.

தள்ளி உட்கார்ந்துகொண்டு கண்ணை மெல்ல மூடி மெல்லத் திறப்பதும் நோயன்று. அது நம்மிடம் அச்சம் குறைந்ததன் அடையாளம். நாமும் அப்படியே கண்ணை மெல்ல மூடித் திறந்தால் பூனை பதிலுக்கு அவ்வாறு செய்வதையும், நெருங்கி வரத் துணிவதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர்.

சில பூனைகளுக்குப் பிறவியிலேயே விழி இலேசாக ஆடும். சியாம் இனப் பூனைகளிலும் அதன் கலப்பிலும் இதைக் காணலாம். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இழைகள் வழி மாறிப் போவதே காரணம். அத்தகைய பூனை நன்றாக உண்ணும், எலியும் பிடிக்கும். மருந்து தேவையில்லை.

தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பூனைக் கழிச்சல் நோய் எனப்படும் வைரஸ் நோய் கண்டால், குட்டிகளின் சிறுமூளை வளராமல் போகும். அக்குட்டிகள் நடக்கப் பழகும் நாளிலிருந்தே தள்ளாடும், தலை நடுங்கும், சிலவற்றுக்கு விழியும் ஆடும். ஆனால் நாளுக்கு நாள் இது முற்றுவதில்லை. பாதுகாப்பான இடத்தில் வைத்து வளர்த்தால் நெடுநாள் வாழும்.

கவனிக்க வேண்டியவை

நேற்றுவரை நன்றாக இருந்த பூனைக்குத் திடீரென்று விழி ஆடினால் அது வேறு. முக்கியமான காரணங்கள் இவை:

1. காது நோய்: காதுச் சிலந்திப் பூச்சி, சீழ், உட்காதுப் புண் ஆகியவை. பூனை காதைச் சொறியும், தலையை உதறும், தலை ஒரு பக்கம் சாயும். பெரும்பாலும் எந்தப் பக்கம் தலை சாய்கிறதோ அந்தப் பக்கக் காதில் கோளாறு. விழி மெல்ல நகர்வதும் அந்தப் பக்கமே. வெடுக்கென்று திரும்புவது எதிர்ப்பக்கம்.

2. காரணம் தெரியாத சமநிலைக் கோளாறு: சில மணி நேரத்தில் தோன்றும். பூனை உருளும், வாந்தி எடுக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், 3 நாட்களில் தணியத் தொடங்கி, 2 அல்லது 3 வாரங்களில் பெரும்பாலும் தானே குணமாகும். மருத்துவர் மற்ற காரணங்களை ஒதுக்கிய பின்னரே இதை முடிவு செய்வார்.

3. நஞ்சு: மாட்டு உண்ணிக்குக் கலக்கிய பைரித்திராய்டு மருந்தின் மிச்சத்தைப் பூனைமேல் தடவுவது நம் பக்கத்தில் உண்டு. பூனையின் ஈரலுக்கு இம்மருந்தை முறிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. உடல் துடிக்கும், கண்மணி விரியும், வலிப்பு வரும். மாட்டுக்கு ஆகும் மருந்து பூனைக்கு ஆகாது.

4. தலையில் அடி, மூளைத் தொற்று, கட்டி: விழி மேலும் கீழுமாக ஆடினால் காதைவிட மூளையிலேயே கோளாறு என்று ஐயப்பட வேண்டும்.

5. தயமின் குறைவு: அதாவது வைட்டமின் பி1 குறைவு. அந்தத் தோட்டத்துப் பூனையின் கதை இதுதான்.

அன்பினால் வந்த வினை

"என்ன சாப்பாடு வைக்கிறீங்கம்மா?" என்று தாயாரிடம் கேட்டேன்.

"மீன்தான் சார். பாரூர் ஏரி மீன் விக்கிறவர்கிட்ட மீன் கழுவின குடலும் தலையும் வாங்கியாந்து வைக்கிறேன். அதுக்காகத்தான் கொட்டாய்க்குள்ள வருது. சோறு வெச்சா மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"வேக வெச்சா, பச்சையாவா?"

"பச்சையாத்தான். பூனைக்கு யாரு சார் சமைச்சு வெப்பாங்க?"

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, ஆடி மாதத்திலிருந்து என்றார். அறுவடைக்கு முன் தானிய அறை காலியாக இருந்தது. ஆகவே எலியும் இல்லை. கைக்கு வராத பூனையைப் பழக்கிவிட வேண்டும் என்ற ஆசையில், அந்தத் தாயார் நாள் தவறாமல் பச்சை மீன் குடலாகவே போட்டு வந்திருக்கிறார். பத்து நாட்களுக்கு முன் பூனை உணவை முகர்ந்துவிட்டு உண்ணாமல் போனது. பிறகு தள்ளாட்டம். அதன் பிறகு கழுத்து கவிழ்ந்தது, விழி ஆடியது.

சாதாக்கெண்டை முதலிய சில மீன்களின் உடலில், குறிப்பாகக் குடலில், தயமினேஸ் என்ற நொதி உள்ளது. இது தயமினைச் சிதைத்துவிடும். உணவில் தயமின் இருந்தாலும் பூனைக்குக் கிடைக்காது. பூனையோ நாயைவிடக் கூடுதலாகத் தயமின் தேவைப்படும் பிராணி. உடலில் இருப்பு வைத்துக்கொள்ளவும் இயலாதது. தயமின் இல்லையேல் மூளை சர்க்கரையிலிருந்து சக்தி பெற முடியாது. விழியையும் சமநிலையையும் ஆளும் மூளையின் அடிப்பகுதி முதலில் பாதிக்கப்படும்.

இது புதிதாகக் கண்டதன்று. 1932-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், தோலுக்காக நரி வளர்த்த சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் நரிகள் உணவை வெறுத்து, கால் தள்ளாடி, முடங்கி மடிந்தன. பச்சைக் கெண்டை மீன் கலந்த தீவனமே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்நோய்க்குச் சாஸ்டெக் வாதம் என்றே பெயர் நின்றுவிட்டது. மனிதரில் தீட்டிய அரிசியை மட்டும் உண்பவர்களுக்கு வந்த பெரிபெரியும் இதே தயமின் குறைவுதான். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குவதால், புழுங்கல் அரிசி உண்ணும் நம் மக்கள் இந்நோயிலிருந்து பெரிதும் தப்பினர்.

அன்று உள்ளூர்க் கால்நடை மருத்துவரை அழைத்தோம். காது, கண், ஈறு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவரும் தயமின் குறைவையே முதலில் ஐயுற்று ஊசி போட்டார். ஆனால், "உயிரோடு இருக்கிற பூனையைப் பார்த்து வெறிநோய் இல்லைன்னு சத்தியம் பண்ண முடியாது" என்று சொல்லி, காலியாக இருந்த ஓர் அறையில் 10 நாட்கள் அடைத்து வைக்கச் சொன்னார். மறுநாளே தலை நிமிர்ந்தது. நான்காம் நாள் விழியாட்டம் நின்றது. வேகவைத்த மீனும் முட்டையும் உண்ணத் தொடங்கியது. நடையில் சிறு தள்ளாட்டம் மட்டும் சில வாரங்கள் இருந்து மறைந்தது. இன்னும் சில நாட்கள் தாமதித்திருந்தால் வலிப்பு வந்து மடிந்திருக்கும். தடி விழுந்திருந்தால் அன்றே மடிந்திருக்கும்.

தள்ளி நின்று பார்க்க ஐந்து கேள்விகள்

கைக்கு வராத பூனைக்கு விழி ஆடினால், மருத்துவரிடம் போகுமுன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. எப்போது தொடங்கியது? திடீரென்றா, சிறிது சிறிதாகவா?

2. விழி பக்கவாட்டில் ஆடுகிறதா, மேலும் கீழுமாகவா? இரு கண்ணுமா?

3. தலை ஒரு பக்கம் சாய்கிறதா, மார்பை நோக்கிக் கவிழ்கிறதா?

4. கடந்த ஒரு மாதமாக என்ன உண்டது? பச்சையா, வெந்ததா?

5. வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ எலி விஷம், உண்ணி மருந்து, பூச்சி மருந்து பயன்படுத்தினார்களா?

இப்போது எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறது. பத்தடி தள்ளி நின்று, கண்ணும் நடையும் தெரியும்படி ஒரு நிமிடம் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மேசைமேல் பயந்து உறைந்து கிடக்கும் பூனையைவிட அந்தப் படம் அவருக்கு அதிகம் சொல்லும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

வெறிநோய் எச்சரிக்கை

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதையும் அலட்சியம் செய்வதற்கில்லை. பூனைக்கும் வெறிநோய் வரும். இதுவரை ஒளிந்தே திரிந்த பூனை காரணமின்றிக் கிட்டே வந்தாலோ, பாய்ந்து கடித்தாலோ, குரல் மாறி எச்சில் ஒழுகினாலோ, தாடை தொங்கினாலோ உடனே குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். தொடாமல் கதவைச் சாத்திவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். 10 நாள் பூனையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பூனையைக் கவனிக்க வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

பிடிப்பது எப்படி?

வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. சுருக்குக் கயிறும் ஆகாது. நோயில்லாத நாளிலேயே ஒரு மரப்பெட்டிக்குள் சோறு வைத்துப் பழக்கினால், அவசரத்தில் கதவை மூடினால் போதும். அப்படிப் பழக்காத பூனையைச் சிறிய அறைக்குள் ஒதுக்கி, கோழி மூடும் பஞ்சாரத்தால் கவிழ்த்து, மேலே இருட்டாகச் சாக்குப் போர்த்துங்கள். இருட்டில் பூனை அடங்கும்.

மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தும் தராதீர்கள். மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். காதுச் சவ்வு கிழிந்திருக்கும் நிலையில் சில சொட்டு மருந்துகள் உட்காதையே கெடுத்து விழியாட்டத்தைப் பெருக்கும்.

எலி விஷமும் பூனையும்

அந்தப் பூனைக்கு விஷம் காரணமன்று. ஆயினும் விஷம் வைத்த வீட்டில் பூனைக்கு ஆபத்து உண்டு. ஜிங்க் பாஸ்பைடு உண்ட பூனை சில மணி நேரத்தில் வாந்தி எடுத்து மூச்சுத் திணறும். புரோமோடையலோன் தின்ற எலிகளை உண்ட பூனைக்குச் சில நாட்கள் கழித்து ஈறு வெளுத்து இரத்தம் கசியும். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக உண்டு. ஆகவே தாமதம் கூடாது. விஷம் வைப்பது தவிர்க்க முடியாததாயின் வளைக்குள் வைத்து மூடுங்கள். செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கி ஆழப் புதையுங்கள். பூனை உள்ள வீட்டின் தானிய அறைக்கு எலிப்பொறியும், கதவடியில் அடித்த தகரமுமே ஏற்றவை.

பூனைக்கு வைக்கும் மீனை ஒரு கொதி விட்டு வையுங்கள். வெந்தால் தயமினேஸ் அழிந்துவிடும். மீன் ஒன்றையே நாள்தோறும் வைக்காமல் முட்டை, கோழிக் கழிவு ஆகியவற்றையும் வேகவைத்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். வெறும் தயிர்ச்சோறும் பால்சோறும் போதாது. பூனையின் பார்வைக்கு வேண்டிய டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் தேவையான அளவு உள்ளது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975-லேயே நிறுவப்பட்டது.

பொங்கலுக்குப் பின் மீண்டும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சாம்பல் பூனை தானிய அறை வாசலில் உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் பத்தடி விலகி நின்றது. "இன்னமும் கைக்கு வர்றதில்லை சார். வராட்டிப் போகுது, நல்லா இருந்தாச் சரி" என்றார் தாயார். அடுப்பில் அதற்கென்று ஒரு பழைய சட்டியில் மீன் தலைகள் கொதித்துக்கொண்டிருந்தன.